கிளினிக்கில் கேட்காத கேள்வி

முன்பற்களில் கறை இருந்ததால், லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டருகே இருக்கும் பல் கிளினிக்கில் நான்கு பற்களுக்கு வெனீர் போட்டுக்கொண்டேன். பல்லின் மேற்பரப்பைக் கொஞ்சம் ராவிவிட்டு ஒட்டுகிற பீங்கான் தகடு அது. அன்று ரிசப்ஷன் பெண், "சார், ஹொரகடே கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் சொல்லி என் கணவரை வெளியிலேயே உட்கார வைத்துவிட்டாள்.

நான்கே மாதத்தில் ஒரு வெனீர் விரிசல் விட்டு, காலையில் காபி குடிக்கும்போது துண்டாகக் கையில் வந்தது. கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டர் வாயைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "முறுக்கு, எலும்புன்னு கடிச்சிருப்பீங்க மேடம். அதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பாவோம்?" என்றார். அங்கே காத்திருந்த அத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார். வெனீர் போட்ட நாள் முதல் நான் கொய்யாப்பழத்தைக்கூட நறுக்கித்தான் தின்கிறேன்!

மல்லேஸ்வரத்தில் வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். என் கீழ்ப்பற்கள் தேய்ந்திருப்பதைப் பார்த்ததும், "தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"அப்படியெல்லாம் இல்லையே" என்றேன்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நறநறன்னு கடிக்கிறா டாக்டர்" என்றார் பக்கத்தில் நின்ற கணவர்.

"இதை ஏன் அங்கேயே சொல்லலை?" என்று சீறினேன்.

"என்னைத்தான் உள்ளேயே விடலியே!"

விரிசலுக்கு அதுதான் காரணமாம். ஒரு கேள்வி கேட்க நேரமில்லாதவர்களுக்கு என் பல்லை ராவ மட்டும் நேரம் இருந்திருக்கிறது. ராவிய பல் இனி வளரப்போவதில்லை. டாக்டரம்மா புது வெனீர் ஒட்டி, தூங்கும்போது பற்களில் மாட்டிக்கொள்ள ஓர் உறையும் செய்து கொடுத்தார்.

இப்போது எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் கணவரையும் உள்ளே அழைத்துப் போகிறேன். அவரை வெளியே உட்காரச் சொன்னால் நான் வாயைத் திறப்பதில்லை.