நிழல் விழுந்த பக்கம்

எந்தப் புகைப்படத்தைக் கையில் கொடுத்தாலும் அவர் அதை முதலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். மகளின் திருமண ஆல்பத்துக்கும் அதே மரியாதைதான். "அப்பா, சம்பந்தி தலைகீழா தொங்கறார்" என்று மகள் சொன்னபோது, "இரும்மா, நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பார்த்துக்கறேன்" என்றார்.

தொழில் விட்டாலும் பழக்கம் விடவில்லை. வேவு விமானப் பிரிவு ஒன்றில் முப்பது வருடம் அவர் செய்த வேலை அதுதான். பத்தொன்பது வயதில் சேர்ந்தார். விமானம் இறங்கியதும் அதன் வயிற்றிலிருந்து பிலிம் சுருளைக் கழற்றி இருட்டறைக்கு எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அங்கே கழுவிய படம் ஈரம் காயாமல் இவர் மேஜைக்கு வரும். குனிந்து உட்கார்ந்து, கீழே தெரிவது மாட்டுக் கொட்டகையா, பீரங்கியா என்று சொல்ல வேண்டியது இவர் பொறுப்பு. இவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தார்கள். ஓய்வு பெற்று நில அளவை அலுவலகத்தில் வேறு வேலை பார்த்தபோதும் அந்தப் பெயர் எப்படியோ பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது.

அந்தப் பிரிவின் விமானங்களில் துப்பாக்கி கிடையாது. துப்பாக்கி இருக்க வேண்டிய இடத்தில் காமிரா. பக்கத்துப் பிரிவுக்காரர்கள், "கல்யாண வீட்டு போட்டோக்காரங்க வந்துட்டாங்க, தலையை வாரிக்கங்கடா" என்று கேலி செய்வார்கள். நெட்டை என்று பெயர் வாங்கிய விமானி ஒருவர்தான் அதற்குச் சரியாகத் திருப்பிக் கொடுப்பார். "சுடறவன் ஒரு தடவை போனா போதும். நாங்க சுடறதுக்கு முன்னாடியும் போகணும், பட்டுதான்னு பார்க்கப் பின்னாடியும் போகணும். அதுவும் வெறுங்கையோட."

பிரிவு தொடங்கி ஐம்பது வருடம் ஆனதற்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் போடுகிறார்கள். அதைத் தொகுக்கும் பெண் அதிகாரி மூன்று அத்தியாயங்களின் புரூஃபை அவருக்கு அனுப்பியிருந்தார். "சனிக்கிழமை அச்சுக்குப் போகுது சார். தப்பு ஏதாவது இருந்தா வெள்ளிக்குள்ள சொல்லிடுங்க. உங்களைப் பத்தி ஒரு பக்கமே எழுதியிருக்கேன்."

வியாழக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் புரூஃபைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். 'கண் தப்பாத பூதக்கண்ணாடி' என்ற தலைப்பில் இருந்த அந்த ஒரு பக்கத்தை நேற்றே நான்கு முறை படித்துவிட்டார் அந்த அம்மாள். மகள் வீட்டுக்கு இரண்டு, தன் தங்கைக்கு ஒன்று என்று பிரதிகளுக்கும் கணக்குச் சொல்லியாயிற்று.

அவர் கண் நின்றது அடுத்த பக்கத்தில். முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய எல்லைச் சண்டை. 'விமானியின் முதல் படங்கள் கலங்கியிருந்ததால் அவர் அதே ஆற்றங்கரைக்கு மீண்டும் தாழப் பறந்து செல்ல நேர்ந்தது. அப்போது சுடப்பட்டுக் காயமடைந்தார்.' கீழே ஒரு படம். ஆற்றின் வளைவு, அதையொட்டி வரிசையாக எட்டு வட்டங்கள். 'கலங்கிய முதல் படம்' என்று அடிக்குறிப்பு.

அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அந்தப் படம் இன்னும் இருக்கும் என்று அவர் நினைக்கவேயில்லை.

மனைவி கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "என்னங்க இது, குழி குழியா? செங்கல் சூளைக்கு மண்ணெடுத்த மாதிரி இருக்கு."

"குழியா தெரியுதா உனக்கு?"

"குழிதானே. எட்டு குழி. ஆமா, கலங்கல்னு போட்டிருக்கு, எனக்குக் கண்ணாடி போடாமலே தெரியுதே. வண்டித்தடம்கூடத் தெரியுது."

அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் எட்டும் மேடுகள். கவிழ்த்து வைத்த கிண்ணம்போல, தொட்டால் கையில் தட்டும் போல எட்டு மேடுகள். வரைபடம் மாதிரி வடக்கை மேலே வைத்து அச்சிட்டிருந்தார்கள். வெயில் தெற்கிலிருந்து அடித்ததால் நிழல் மேலே, அவரை விட்டு எதிர்ப்பக்கம் போனது. நிழல் பார்ப்பவனை நோக்கி விழ வேண்டும். இல்லாவிட்டால் கண் ஏமாந்து, குழி மேடாகும், மேடு குழியாகும். பயிற்சியில் முதல் வாரமே இதைத்தான் தலையில் ஏற்றுவார்கள்.

அன்றைக்கு அவர் மேஜை விளக்கு எரிந்துபோயிருந்தது. இன்னொருவர் மேஜையில், அவருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தார். அவசரம். படத்தைச் சுற்றவில்லை. 'எட்டு மேடுகள். மண் மூடிய வெடிமருந்துக் கிடங்குகளாக இருக்கலாம். தாழப் பறந்து மறுபடி எடுக்கவும்' என்று எழுதிக் கொடுத்தார். நெட்டை போனார். இடது தோளில் குண்டு வாங்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் விமானத்தை இறக்கினார். கொண்டுவந்த பிலிமில் கீறல்கூட இல்லை. அதில் எட்டுக் குழிகள் இருந்தன.

மேலதிகாரி கேட்டார், ஏன் இரண்டாம் தடவை அனுப்பினீர்கள் என்று. "முதல் படம் கலங்கலா இருந்தது சார்" என்றார் இவர். அவ்வளவுதான். காமிராவை ஆட்டிவிட்டவர் என்று நெட்டையின் கோப்பில் ஏறியது. தோளும் சரியாகாமல், கடைசிவரை கிடங்குப் பொறுப்பாளராகவே இருந்து ஓய்வு பெற்றார்.

இதை மனைவியிடம் சொல்லி முடிக்கும்வரை பீன்ஸ் அப்படியே கிடந்தது. அந்த அம்மாள் சிறிது நேரம் படத்தைத் தன் பக்கம் இழுப்பதும் அவர் பக்கம் திருப்புவதுமாக இருந்தார்.

"அட, ஆமா. மேடாத்தான் தெரியுது" என்றார். பிறகு, "இத்தனை வருஷம் அந்த மனுஷனுக்குப் புது வருஷம் தவறாம போன் பண்ணினீங்களே, அப்பல்லாம் என்ன பேசினீங்க?"

"மழை பெய்ஞ்சுதா, முட்டி வலி எப்படின்னு."

"நல்லா இருக்கு. இப்ப பண்ணுங்க. நான் அந்தப் பக்கம் போறேன்." போகவில்லை. அடுப்படி வாசலிலேயே நின்றார்.

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார். நெட்டை இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "என்னப்பா பூதக்கண்ணாடி, புது வருஷம் இவ்வளவு சீக்கிரமா வந்துடுச்சு?"

"சார், அந்த ஆத்தங்கரைப் படம். அது கலங்கலா இல்ல சார்."

"அது எனக்குத் தெரியாதா? எடுத்தவன் நான். உங்க இருட்டறைக்காரன்தான் கழுவறப்ப கெடுத்துட்டான். அந்த ஆள் செத்துப் பத்து வருஷம் ஆச்சு, இன்னமும் தோள் வலிக்கறப்பல்லாம் அவனைத்தான் திட்டறேன்."

"அவர் ஒண்ணும் பண்ணல சார். நல்லாத்தான் கழுவிக் கொடுத்தார். நான் தலைகீழா வச்சுப் பார்த்துட்டேன். குழியை மேடுன்னு எழுதிட்டேன். அப்புறம் பயத்துல பொய் சொல்லிட்டேன்."

மறுமுனையில் வானொலி மட்டும் கேட்டது. யாரோ அதை அணைத்தார்கள்.

"குழியா?"

"ஆமா சார்."

"எத்தனை?"

"எட்டு."

"எட்டு குழிக்காகவா என்னை அனுப்பினே?" குரல் உயரவில்லை. "செத்தவனைப் போய் இத்தனை வருஷம் திட்ட வச்சுட்டியேப்பா."

அவர் புரூஃபைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மன்னிச்சுட்டேன்னு நான் சொல்லணும்னு காத்திட்டிருந்தா, போனை வச்சுடு. எனக்கு அது இப்ப வரல. புத்தகம் என்னிக்கி அச்சுக்குப் போகுது?"

"சனிக்கிழமை சார்."

"அப்ப உட்கார்ந்து எழுது. நான் காமிராவை ஆட்டலைன்னு எழுது. என் பையன்கிட்டே காட்டணும்." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். மேலே 'கலங்கியிருந்ததால்', கீழே 'கலங்கிய', இரண்டையும் அடித்தார். ஓரத்தில் இடம் போதாமல் தனித்தாளில் எழுதினார்: படம் தெளிவாக இருந்தது, இருட்டறையிலும் குறையில்லை, படித்தவர் தவறாகப் படித்தார், படித்தவர் நான். அடிக்குறிப்பில், படத்தைத் திருப்பி அச்சிட வேண்டும், நிழல் வாசகரை நோக்கி விழ வேண்டும் என்று அம்புக்குறி போட்டார். அதன் பிறகு முந்தைய பக்கத்துக்கு வந்து 'கண் தப்பாத' என்பதன் மேல் பேனாவை வைத்தார்.

"அதை எதுக்கு அடிக்கறீங்க?" மனைவி பின்னாலிருந்து கேட்டார்.

"பின்னே?"

"மீதி முப்பது வருஷம் பார்த்ததெல்லாம் சரிதானே? அதையும் பொய்யாக்கிடாதீங்க."

அவர் யோசித்தார். 'கண் தப்பாத' என்பதற்கு முன்னால், சிறிய எழுத்தில், 'ஒரு தடவை தவிர' என்று சேர்த்தார்.

அந்த அம்மாள் தாளை வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். "தங்கச்சிக்குப் புத்தகம் வேண்டாம்" என்றார். "அவளுக்கு வாய் நீளம். நெட்டை சார் பையனுக்கு ஒண்ணு கூடுதலா சொல்லிடுங்க."