கப்பல்கள் சும்மா சந்தித்துக்கொள்வதில்லை

செவ்வாய்க்கிழமை காலை, செகந்தராபாத் மாரெட்பள்ளியில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பும்போது ஜெயராஜ் அண்ணன் அழைத்தார். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்ததால், அவர் பெயரைத் திரையில் பார்த்தாலே எனக்குப் பயம். எடுக்காவிட்டால் செய்தி வராது என்பதுபோலச் சிறிது நேரம் அடிக்கவிட்டேன். “தம்பி, ஸ்டெல்லா போயிட்டா” என்றார்.

ஸ்டெல்லா அக்காவை எங்களில் பலரும் அறிந்தது பேகம்பேட்டில் மூன்றாவது மாடியில் இயங்கிய அந்தச் சின்ன வீடியோ கேம் நிறுவனத்தில்தான். அவர் செகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர். அப்போது நான் திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் கதை எழுத வேண்டும். அவர் விளையாட்டின் விதிகளை வகுக்க வேண்டும். நட்சத்திரங்களுக்கு நடுவே பாய்மரக் கப்பல்கள் போய்வரும் ஒரு கற்பனை உலகத்தை அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்காகச் செய்துகொண்டிருந்தோம். முந்தைய மாதம்தான் பக்கத்து அறையில் இருந்தவர்களை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இந்த வேலை கைநழுவினால் அடுத்தது நாங்கள்தான்.

நான் எழுதிய முதல் காட்சியில், கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதுமே கொள்ளையர் வந்து பாய்வார்கள். அக்கா படித்துவிட்டு, “இவங்க எங்கருந்து வந்தாங்க தம்பி?” என்றார்.

“விண்வெளிதானேக்கா, எங்கருந்து வேணாலும் வரலாம்.”

“நக்கோ, அப்படி வேணாம் தம்பி. அவ்ளோ பெரிய வெளியில ரெண்டு கப்பல் சும்மா சந்திச்சுக்காது. ரெண்டும் ஒரே எடத்துக்குப் போகணும், இல்லன்னா ஒண்ணு இன்னொண்ணத் தேடணும். தேடுறவன் எத்தன நாளாத் தேடுறான்? அவன்கிட்ட குடிக்கத் தண்ணி எவ்ளோ இருக்கு? அது தெரியாம எழுதாத.”

அது புத்தகத்தில் படித்த அறிவு அல்ல. அவர் கணவர் ஜெயராஜ் அண்ணன் அப்போது சரக்குக் கப்பலில் இன்ஜினியர். வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார். துறைமுகத்துக்கு வெளியே ஆறு நாள் காத்துக் கிடந்தது, சமையல்காரரின் பல்வலியால் கப்பலே எரிச்சலில் இருந்தது என்று போனில் அவர் சொன்னதெல்லாம் எங்கள் விளையாட்டுக்குள் வந்து சேர்ந்தது. எங்கள் கப்பல் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் அதில் இருந்தவர்கள் சண்டை போட்டார்கள், சலித்துக்கொண்டார்கள், வீட்டிலிருந்து மிகத் தாமதமாக வந்த கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

அமெரிக்கக் கம்பெனிக்குக் காட்ட வேண்டிய டெமோவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அண்ணனின் கப்பல் கடற்கொள்ளையர் நடமாட்டமுள்ள பகுதிக்குள் போனது. அதன்பின் அழைப்பு வரவில்லை. கப்பல் நிறுவனத்தைக் கேட்டால், தகவல் இல்லை என்றார்கள்.

அக்கா விடுப்பு எடுக்கவில்லை. “வீட்ல ஒக்காந்தா பைத்தியம் பிடிச்சிரும்” என்றார். போனைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார். யாருடைய போன் அடித்தாலும் அவர் கை துள்ளும். ஒருவரும் சொல்லாமலேயே நாங்கள் எல்லோரும் போனைச் சைலன்ட்டில் போட்டுவிட்டோம்.

அந்த நாட்களில்தான் அவர் சந்திப்புக் காட்சியை மாற்றியமைத்தார். தொலைவில் ஒரு புள்ளி. நட்சத்திரமாகவும் இருக்கலாம். மறுநாள் அது கொஞ்சம் பெரிதாகத் தெரியும். நாம் கப்பலைத் திருப்பினால் அதுவும் திரும்பும். விளக்குகளை அணைக்கலாம், தண்ணீரை அளந்து கொடுக்கலாம், தூங்குகிறவர்களை எழுப்பலாமா என்று யோசிக்கலாம். இரண்டு நாள் கழித்து, கடைசியில் அந்தக் கப்பல் எதுவும் சொல்லாமல் விலகிப் போய்விடும். விளையாடிப் பார்த்தபோது நான் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டேன்.

எங்கள் மேனேஜருக்குக் கோபம். “சண்டை எங்கேம்மா? ஒண்ணுமே நடக்கலையே?” என்று தெலுங்கில் கேட்டார்.

“அந்த ரெண்டு நாள் நடந்துச்சே சார்” என்றார் அக்கா.

என் வேலை போய்விடும் என்று பயந்துவிட்டேன். இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம் கேட்காமல் முடிவை மாற்றினேன். அந்தக் கப்பல் தாக்கும். நம் கப்பல் தீப்பிடித்து, அதிலிருந்த எல்லோரும் மடிவார்கள். மறுநாள் காலை, அண்ணனிடமிருந்து தகவல் நின்ற ஒன்பதாம் நாள், அக்கா கணினியைத் திறந்து அதை ஓடவிட்டார். திரை முழுக்க ஒரு கப்பல் எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. அவர் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார். “கைக்கு தம்பி?” என்றார். ஏன் என்று கேட்க செகந்தராபாத்துக்காரர்களுக்கு இருக்கும் சொல் அது. பிறகு அவரே சொன்னார்: “எரிக்கணும்னா எரி. ஆனா உள்ள யார் யார் இருந்தாங்கன்னு பேர் எழுதிட்டு எரி.”

உட்கார்ந்து எழுதினேன். நான்காவது பெயருக்குமேல் கை ஓடவில்லை. தீயை அழித்துவிட்டு, அவருடைய முடிவையே திரும்ப வைத்தேன்.

அடுத்த நாள் மதியம் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. ஒரு படகு ஒன்றரை நாள் அவர்களைப் பின்தொடர்ந்ததாம். அந்தப் பகுதியைத் தாண்டும்வரை தகவல் தொடர்பையெல்லாம் நிறுத்திவைத்துத் தப்பி வந்திருக்கிறார்கள். அக்கா “ஹவ்… ஹவ்…” என்று அவர்கள் ஊர் ‘ஆமாம்’ ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டெமோவில் அந்தக் காட்சி பிடித்துப்போனது. ஆனால் விளையாட்டு வெளிவரவில்லை. வேறு ஏதோ காரணத்துக்காக ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் சிதறிப்போனோம்.

அக்காவை அடக்கம் செய்த அன்று, விசாகப்பட்டினத்திலிருந்து ஒரு பெண் வந்து ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார். யாருக்கும் அவரைத் தெரியவில்லை. நான் விசாரித்தேன். அதே வருடம் அவர் கணவர் இருந்த கப்பலைக் கொள்ளையர் பிடித்து நான்கு மாதம் வைத்திருந்தார்களாம். அந்த நான்கு மாதமும் அக்கா தினமும் சாயங்காலம் இந்தப் பெண்ணைப் போனில் அழைத்திருக்கிறார். எங்களிடம் மூச்சுவிட்டதில்லை.

“எல்லாம் சரியாயிரும்னு ஒருநாள்கூட அவங்க சொல்லல” என்றார் அந்தப் பெண், தெலுங்கில். “இன்னைக்கு என்ன சமைச்சீங்கன்னு கேப்பாங்க. கேப்பாங்களேன்னுதான் அடுப்பு பத்த வச்சேன்.”

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். நேற்று மாலை ஜெயராஜ் அண்ணனைப் பார்க்கப் போனேன். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. “இன்னைக்கு என்னண்ணே சமைச்சீங்க?” என்றேன்.

“ஒண்ணும் சமைக்கல தம்பி” என்றார். பிறகு எழுந்தார். “ரசம் வைக்கிறேன். இருந்து சாப்ட்டுட்டுப் போ.”