ஐம்பத்தோராவது தட்டில் ஒரு பலாப்பழம்

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலு மணி பத்து நிமிடம். தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபம். நூற்றைம்பது பேர் மேடையில் இருந்த எல்இடி திரையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் இருந்தது ஒரே ஒரு பலாப்பழம். நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பம்.

மேடையில் நின்றவர்கள் என் மகள் கயலும், அவளுக்கு அன்று நிச்சயம் ஆகவேண்டிய மாப்பிள்ளையும். அந்தப் பலாப்பழத்தை அங்கே கொண்டுபோய் வைத்த புண்ணியவதி… நான்தான்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

நான் ஒரு வேலையில் இறங்கினால் வீடு என்ன பாடுபடும் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்த வருடம் வெப் டிசைன். மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். கூடப் படித்த எல்லோருக்கும் என் மகளைவிட வயது குறைவு. "ஆன்ட்டி, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று ஒரு பெண் கேட்டாள். எதுக்கா? டெய்லரிங் கிளாஸுக்குப் போனபோது யாரும் இப்படிக் கேட்கவில்லையே!

கோர்ஸ் முடிவில் ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். நான் எடுத்துக்கொண்டது ஜோடி சேர்க்கும் விளையாட்டு. போனில் பலர் ஆடியிருப்பீர்கள். சின்னச் சின்ன டைல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒரே படம் உள்ள இரண்டைத் தொட்டால் இரண்டும் மறையும். ஆனால் மேலே இன்னொன்று உட்கார்ந்திருந்தாலோ, இரண்டு பக்கமும் ஆள் நெருக்கினாலோ அந்த டைலை எடுக்க முடியாது. டவுன் பஸ்ஸில் நடு சீட்டுக்காரர் எழுந்திருக்கிற கதைதான். எல்லாம் காலியானால் ஜெயிப்பு.

வழக்கமாக இதில் சீன எழுத்தும் மூங்கிலும் படமாக இருக்கும். எனக்கெதற்கு மூங்கில்? வீட்டில் நிச்சயதார்த்தம் வருகிறது — சீர்த் தட்டையே டைல் ஆக்கினால் என்ன? வெற்றிலை, தேங்காய், கற்கண்டு, மல்லிகைப்பூ, அதிரசம், பட்டுப்புடவை என்று இருபத்தைந்து படம் தேற்றினேன். படத்துக்கு இரண்டு வீதம் மொத்தம் ஐம்பது தட்டு.

எது எங்கே இருக்க வேண்டும், என்ன கலர், எவ்வளவு நிழல் என்று பிரவுசருக்குச் சொல்வதற்கு சிஎஸ்எஸ் என்று ஒன்று இருக்கிறது. நாம் எழுதியதை அப்படியே கேட்கும். நாம் நினைத்ததைக் கேட்கவே கேட்காது! ஒரு தட்டைத் திரைக்கு நடுவில் உட்கார வைக்க எனக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. எது மேலே, எது கீழே என்று சொல்லும் எண்ணை மாற்றிப் போட்டதில், தேங்காய் புடவைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. மூலையை வளைக்கச் சொன்னேன், தட்டு முட்டையாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருக்கிறார். பேச்சு கம்மி. ஒருநாள் சாப்பிட வந்தவர் திரையை எட்டிப் பார்த்தார். "அதிரசம் ஏன் வறட்டி மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார். அன்று சாம்பாரில் உப்பு போட எனக்கு மறந்துவிட்டது. நிஜமாகவே மறந்துதான் போனது.

எல்லாவற்றிலும் நான் பெருமைப்பட்டது பூமழையில்தான். எல்லாத் தட்டும் மறைந்து திரை காலியானதும், அது முழுக்க ரோஜா இதழ் உதிரும். ஒவ்வொரு இதழும் வேறு வேறு வேகத்தில், லேசாகச் சுழன்றுகொண்டே விழும். நாலு நாள் உழைப்பு! அதைப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. நிச்சயத்தன்று மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து தட்டுகளை எடுக்கட்டும். பூ விழட்டும். பூ விழுந்ததும் மேளம்… மேளம் கொட்டியதும் தட்டு மாற்றட்டும். எப்படி?

"அம்மா, வேணாம்மா," என்றாள் கயல். "அங்க வந்து நடுவுல நின்னு போச்சுன்னா, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. நீங்க இங்க இருப்பீங்க. நான்தானே அந்த வீட்ல போய் இருக்கணும்?"

அவள் கண்ணில் நிஜமான பயம் இருந்தது. அதனால் முப்பது தடவை ஆடிக் காட்டினேன். முப்பது தடவையும் பூ விழுந்தது. அரை மனதாகத் தலையாட்டினாள்.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்னால் என் நாத்தனார் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கினார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவர்தான் தலைமைச் செயலகம். விளையாட்டைப் பெருமையாகக் காட்டினேன். அவர் ஆடவில்லை. விரலால் எண்ணினார்.

"ஏம்மா, அம்பது தட்டா வருது?"

"ஆமாங்க."

"சீர்த் தட்டை எங்கயாச்சும் ரெட்டைப்படையில வைப்பாங்களா? பதினொண்ணு, இருபத்தொண்ணு, அம்பத்தொண்ணுன்னுதானே வைக்கிறது! படிச்சவ நீ… உனக்கு நான் சொல்லணுமா? இன்னும் ஒண்ணு சேர்த்து வை."

இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஐயையோ, எவ்வளவு பெரிய தப்பு செய்ய இருந்தோம் என்றுதான்! என் கல்யாணத்துக்கு, என் தங்கை கல்யாணத்துக்கு, வளைகாப்புகளுக்கு என்று எத்தனை தட்டு எண்ணியிருக்கிறேன்! ஒன்று குறைந்தால் ஓடிப்போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவந்து ஒற்றைப்படை ஆக்கியவள் நான். இரட்டைப்படையில் சீர்த் தட்டைப் பார்த்தாலே கை தானாகப் பரபரக்கும். ஜோடி சேர்க்கும் விளையாட்டு என்பது அந்த நேரத்தில் மூளையின் எந்த மூலையில் போய்ப் படுத்துக்கொண்டதோ…

"என்ன வைக்கலாங்க?" என்றேன் பயபக்தியோடு.

"பலாப்பழம் வை. பாக்க நிறைவா இருக்கும்."

அடுக்கின் அடிவரிசையில், சரியாக நடுவில் வைத்தேன். நிழல்கூடக் கொடுத்தேன். அழகாக இருந்தது. மறுபடி ஆடிப் பார்த்தேனா? ஒரு தட்டு கூடினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஆக, மண்டபம்.

ஆரம்பம் அமர்க்களம். மாப்பிள்ளை ஒரத்தநாட்டுக்காரர், கால்நடை மருத்துவர். டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கயலும் அவரும் தேங்காயோடு தேங்காய், புடவையோடு புடவை என்று எடுக்க எடுக்க, பெரிய திரையில் தட்டுகள் மறைந்தன. கூட்டம் கைதட்டியது. வெறும் லிங்க்தானே, இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை என்று இரண்டு வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் அனுப்பியிருந்தேன். அதனால் பாதிப் பேர் நாற்காலியில் உட்கார்ந்து தனியாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்தொன்று… முப்பத்தொன்று… பதினொன்று… கடைசி ஜோடி அதிரசம் போனது. பலாப்பழம் போகவில்லை.

மாப்பிள்ளை அதைத் தொட்டார். கொஞ்சம் தள்ளித் தொட்டார். சுற்றி நாலு பக்கமும், மாட்டு வயிற்றை அமுக்கிப் பார்ப்பது போலப் பதமாக அமுக்கினார். "அத்தை, இது அசைய மாட்டேங்குது," என்றார். நோயாளிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகத்தான் சொன்னார்.

கீழேயும் சலசலப்பு. "உங்களுக்கும் பலாப்பழமா?" "எனக்கும் அதேதாங்க." "ஃபோனை ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க." "பண்ணிட்டேன், திரும்ப முதல்லேருந்து வருது."

ஐம்பத்தொன்று! இரண்டால் வகுபடாது! மூன்றாம் வகுப்புக் கணக்கு. எனக்கு வியர்த்துக் கொட்டியது. லேப்டாப்போ வீட்டில். மணி நாலு பதினெட்டு. நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் பார்த்துச் சைகை காட்டினேன். தவில்காரர் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி, "பூ விழுந்தாத்தான் அடிக்கணும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" என்றார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "மிச்சம் வச்சுட்டா தட்டு மாத்துறது? நல்லாவா இருக்கு?"

வேறு யார்? என் நாத்தனார்தான்!

கயல் என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது. இந்தப் பெண்ணின் நல்ல நாளை என் பெருமைக்காக நானே கெடுத்துவிட்டேனே! கோர்ஸாவது, கோடாவது… எல்லாவற்றையும் ஊருக்குள் ஓடும் புதாற்றில் போட்டுவிடலாம் போல இருந்தது.

முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். அதிகம் சிரிக்காதவர். கையிலிருந்த போனைப் பையில் வைத்தார். புடவையைச் சரிசெய்துகொண்டு மேடைக்கு வந்து, திரையை ஒரு பார்வை பார்த்தார்.

"இதுல என்னங்க குறை? சீர் வந்த தட்டை வெறுந்தட்டாவா திருப்பிக் குடுப்போம்? ஒரு பழமாச்சும் வச்சுத்தானே குடுப்போம்? புள்ளைங்க சரியாத்தான் ஆடியிருக்குதுங்க." திரும்பினார். "என்னய்யா பாக்குறீங்க? அடிங்க மேளத்தை!"

மேளம் முழங்கியது. நாலு இருபத்திரண்டுக்குத் தட்டு மாற்றினோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவே இல்லை. கயல் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்ததும் இன்னும் வந்தது. அந்த வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் வராது என்று அந்த இடத்திலேயே தெரிந்துபோனது. என் நாத்தனாரோ, "நான்தான் பலாப்பழம் வைக்கச் சொன்னேன்," என்று பந்தி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

நாலு நாள் கழித்து சம்பந்தியம்மாவிடமிருந்து போன். மண்டபத்தில் கேட்ட கம்பீரம் இல்லை, குரல் தணிந்திருந்தது.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கணும். அந்தப் பழத்தை எடுக்க ஏதாச்சும் வழி இருக்குங்களா? எல்லார் முன்னாலயும் அப்படிச் சொல்லிட்டேன். ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. அடுப்புல பாலை வச்சுட்டு இதைத்தான் நோண்டிக்கிட்டிருக்கேன்."

உண்மையைச் சொன்னேன். அதற்கு ஜோடியே இல்லை, யாராலும் எடுக்க முடியாது, தப்பு என்னுடையது.

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"சரிங்க. ஆனா இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்க வீட்ல, நான் எடுத்துட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் ஒரத்தநாட்டுப் பக்கம் இந்த இதழைப் பார்க்கிறவர்கள், தயவுசெய்து இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடுங்கள்.