மூலை மாறிய பிள்ளையார்

வெப்சைட் செய்து கொடுக்கிற தொழிலில் பெரிய வயிற்றெரிச்சல், நம்ம ஸ்கிரீனில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பது அடுத்தவர் ஸ்கிரீனில் எங்கே போய் உட்காரும் என்று நமக்கே தெரியாததுதான். இரண்டாயிரங்களில் இதில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

ஈசானிய மூலை

ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் எங்கள் கடை. நானும் மஞ்சுநாத்தும்தான். ஒருநாள் நாகராஜ் சார் வந்தார். பெரிய ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, ஆறு பேரை வைத்துச் சொந்தமாக ஸ்பிரிங் செய்துகொண்டிருந்தவர். பெங்களூரில் ஒரு பர்ச்சேஸ் மேனேஜரைப் பார்க்க நேரம் கிடைத்திருந்தது. அந்த ஆர்டர் வராவிட்டால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான் என்றார். பாவமாக இருந்தது.

அதற்குள் ஒரு வெப்சைட் வேண்டுமாம்; டிசைன் எல்லாம் என் இஷ்டம். பின்னணியில் பிள்ளையார் மட்டும் வலது மேல் மூலையில் இருக்கணுமாம். கம்ப்யூட்டருக்கு ஏது சார் வாஸ்து என்றேன்.

"மேப்புல வடகிழக்கு அங்கதானே மேடம் இருக்கு?"

பெங்களூர் போன்

எங்கள் கடையில் இருந்த பிரவுசர் எக்ஸ்புளோரர் மட்டும்தான். படத்தைப் பக்கவாட்டில் நகர்த்த ஒரு கட்டளை, மேலே ஏற்ற ஒரு கட்டளை என்று தனித்தனியாக எழுதியிருந்தேன். பிள்ளையார் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார். வேறு எதிலும் திறந்து பார்க்கவில்லை. மேனேஜர் கம்ப்யூட்டரில் இருந்ததோ ஃபயர்பாக்ஸ்; அந்த இரண்டு கட்டளையும் அதற்குப் புரியாது. நாகராஜ் சார் வெளியே வந்து, குரலை அடக்கிக்கொண்டு போன் செய்தார்.

"பிள்ளையார் இடது பக்கம் வாயு மூலைக்குப் போயிட்டாரு மேடம். சிவப்புப் பிள்ளையார் மேல சிவப்பு எழுத்து, நம்ம கம்பெனி பேரே தெரியல."

ஒரே வரி

 ஒரு மனுஷன் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மஞ்சுநாத் திட்டவில்லை. இரண்டு கட்டளையையும் அழித்துவிட்டு, எல்லா பிரவுசருக்கும் புரிகிற ஒரே வரியில் 'வலது, மேல்' என்று சேர்த்து எழுதி ஏற்றினான்.

"ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்ச பாஷையில எழுதிட்டு எல்லாருக்கும் புரியணும்னா எப்படி? தமிழு, கன்னடம், தெலுங்குன்னு மூணும் பேசுற ஓசூர்லதானே இருக்கே?"

மறுநாள்

நாகராஜ் சார் படியேறி வந்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், கையமர்த்தினார். சாம்பிள் ஆர்டர் கிடைத்துவிட்டதாம். நாங்கள் சரிசெய்தபோது மேனேஜர் ஸ்கிரீனையே பார்க்கவில்லையாம். இவர் பையிலிருந்து எடுத்த ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அதுவரைக்கும் அவர் என் மூஞ்சியையே பாக்கல மேடம். பேரு படிக்க முடியலைன்னுதான், 'உங்க கம்பெனி பேரு என்ன'ன்னு நிமிர்ந்து என்னைக் கேட்டாரு. பேரைச் சொல்லி ஸ்பிரிங்கை அவர் கையில கொடுத்தேன்."

நான் செய்த இத்தனை வெப்சைட்டில் ஒரு மனுஷனுக்குப் பிழைப்புத் தேடிக் கொடுத்தது நான் செய்த தப்பு ஒன்றுதான்.