புறா ஈரலுக்கு வந்த தூள்

ராயபுரம் ஐஸ் டிப்போவில் கட்டி உடைப்பவர் அவர். உடைத்து முடித்ததும் விறைத்த விரல்களை அக்குளில் செருகிக்கொள்வார். கப்பலில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த கோஎன்சைம் தூள் கெட்டுவிடாமலிருக்க, பெட்டியில் புது ஐஸ் போட அவரிடம் போனேன்.

"இன்னா சார் இது?"

"தின்ன சோறு உடம்புல சக்தியா மாற இது வேணும்."

அவர் முகம் மாறியது. "எம்பொண்ணு துன்றது ஒண்ணும் ஒடம்புல ஒட்டல நைனா. துரும்பாயிட்டா. ஒரு சிட்டிகை குடேன்."

"இது மருந்தில்லைங்க. ஆராய்ச்சிக்கு மட்டும்தான். புறா ஈரலை அரைச்சு, அதுல கலந்து பார்ப்போம்."

"செத்த புறாவுக்குக் குடுப்பே. உசுரோட கீறவளுக்குக் கெடையாதா?"

நான் பெட்டியின் மூடியைத் திறந்து பிடித்தேன். அவர் உள்ளே தூள் இருந்த சீசாவைச் சுற்றிலும், நான் கேட்டதைவிட அதிகமாகவே ஐஸைக் கொட்டி, மேலே மரத்தூளைப் பரப்பினார்.

"இதுனாச்சும் கெடாம போய்ச் சேரட்டும்."

ஆய்வுக்கூடத்தில் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் பாதிகூடக் கரையவில்லை. அதைக் கீழே கொட்ட எனக்குக் கை வரவில்லை.