வெள்ளைப் பட்டையை அளந்தவள்

நீர் வற்றும்போது இடலீனா ரெபோஷோ தேஜோ ஆற்றின் முகத்துவாரச் சேற்றில் மட்டி எடுப்பாள். நீர் ஏறும்போது எங்கள் அளவைப் படகுக்குச் சுக்கான் பிடிப்பாள். வயது முப்பத்திரண்டு.

முகத்துவார வரைபடம் முடியும் தறுவாயில் இருந்தது. ஆழத்தைப் படகுக் குழுவும் கரையின் உயரத்தை நிலக் குழுவும் அளந்திருந்தன. நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் காலி. அங்கே படகுக்குத் தண்ணீர் போதாது. நடந்தால் இடுப்புவரை சேறு. ஊகித்து வரைந்துவிடலாம் என்றார் பொறியாளர் லொபாத்து.

"ஊகமா? போன தடவை இப்படித்தான் என் சேத்தைத் தண்ணின்னு போட்டீங்க. அதை நம்பி வந்த பாய்மரக்காரன் அரைநாள் வெயில்ல காஞ்சான். நான்தான் இழுத்து விட்டேன்" என்றாள் இடலீனா.

"அப்போ நீயே போய் அளந்துட்டு வா. பெரிய கடலேற்றத்துல நாப்பது நிமிஷம்தான் தண்ணி நிக்கும். மாட்டிக்கிட்டா கருவியும் போச்சு, உன் வேலையும் போச்சு."

செப்டம்பரின் பெரிய ஏற்றத்தன்று தன் தட்டை மட்டிப்படகில் ஆழமானியைக் கட்டினாள். நானும் ஏறிக்கொண்டேன். பட்டையின் குறுக்கே பதினொரு கோடுகளாகப் படகை ஓட்டி அளந்தோம். கடைசிக் கோட்டில் அடி சேற்றை உரசியது. எஞ்சினைத் தூக்கிவிட்டு, திட்டிக்கொண்டே துடுப்பால் தள்ளி முடித்தாள்.

அலுவலகக் கணினியில் எல்லா அளவுகளையும் ஒன்றாக ஒட்டியவன் நான். திரையில் சேறு மேலே நின்றது. கரை இரண்டு மீட்டர் கீழே கிடந்தது.

"சேத்தை விடக் கரை பள்ளமா? நல்லா அளந்தே போ!" என்று சிரித்தார் லொபாத்து.

இடலீனா என் பக்கம் திரும்பினாள். "படித்துறைப் பித்தளை உயரக் குறி, நிலக் குழுத் தாள்ல எவ்வளவுடா?"

"ரெண்டு மீட்டர் இருபத்திரண்டு."

"இன்னைக்கு ஏற்றம் உச்சத்துல அதுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழ நின்னுச்சு. அப்போ ரெண்டு பன்னிரண்டு. ஏற்றப் பட்டியலோ நாலு இருபதுங்குது. ஒரே தண்ணிக்கு ரெண்டு உயரமா சார்?"

சிரிப்பு நின்றது. ஆழத்தை மிகத் தாழ்ந்த வற்று நீர்மட்டத்திலிருந்து எண்ணுகிறோம். கரையைச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. கல்லூரியில் முதல் வாரமே படித்தது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். படித்ததை எங்கே வைத்தேன்?

"தப்பு என்னுது சார். ரெண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்க்காம ஒட்டிட்டேன்."

கரை உயரங்களோடு அந்த வித்தியாசமான இரண்டு மீட்டர் எட்டு சென்டிமீட்டரைக் கூட்டினேன். கரை எழுந்து வந்து சேற்றைத் தொட்டது. மிஞ்சிய வித்தியாசம் மூன்றே சென்டிமீட்டர்.

"பாத்தீங்களா!" என்று மேசையில் குத்தினாள்.

வரைபடத்தில் பெயர் எழுத லொபாத்து பேனாவை எடுத்தார். "முழுப் பேர் சொல்லு."

"இடலீனா மரீயா ரெபோஷோ. உதவின்னு போட்டுடாதீங்க. அளந்தவர்னு போடுங்க. பெருசா."

போட்டார்.