எலும்போரச் சிவப்பு

1. வாப்பா சிங்கப்பூரிலிருந்து திரும்பினார். பரங்கிப்பேட்டையில் சும்மா இருக்கப் பிடிக்காமல், சிதம்பரம் ரயிலடிப் பக்கம் ஒரு கோழிச்சோற்றுக் கடை போட்டார்.
2. சாப்பிட வந்தவர்கள் எலும்போரம் சிவப்பாக இருப்பதைப் பார்த்துத் தட்டைத் தள்ளினார்கள்.
3. கல்லூரியில் ரசாயனம் படித்து முடித்திருந்த நான் அந்தச் சிவப்பைப் போக்கினேன்.
4. கடலூரில் ஓர் ஆலையின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது.
5. நான் போகவில்லை.

மூன்றாவது நடந்திருக்காவிட்டால் ஐந்தாவதும் நடந்திருக்காது.

வாப்பா அந்தச் சோற்றைச் சிங்கப்பூரில் ஒரு மலாய்க்காரரின் தள்ளுவண்டியில் பழகியிருந்தார். இஞ்சியும் பூண்டும் போட்ட தண்ணீரில் முழுக்கோழியை இறக்கி, கொதிக்கவிடாமல் வேகவைத்து எடுத்துத் துண்டுபோட வேண்டும். அதே தண்ணீரில் சோறு. தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சட்னி. குழம்பு கிடையாது. அங்கே எலும்போரம் லேசான சிவப்பு இருந்தால்தான் பக்குவமாம்.

சிதம்பரத்தில் அது எடுபடவில்லை.

"என்னா பாய், விட்டா கூவும் போலருக்கே! கொஞ்சம் குழம்பாவது ஊத்துங்க, மறைஞ்சிடும்" என்றார் ஒருவர்.

எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்கக்கூட இல்லை. "ரத்தம் தெரியுது. இத எப்புடி வாயில வைக்கிறது?" என்று எழுந்துவிட்டார்கள். வாப்பா பயந்துபோய் கோழியைத் தளதளவென்று கொதிக்கவிட்டார். சிவப்பு போயிற்று, கறி கயிறாகிவிட்டது. மென்று பார்த்தவர்கள் மறுபடி வரவில்லை.

நான் ஒரு வெப்பமானியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். கொதிநிலைக்குக் கீழேயே சூட்டை நிறுத்தி, விறகைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்து, மூடிபோட்டு, நேரத்தை மட்டும் கூட்டினேன். சிவப்பு மறைந்தது, கறி மிருதுவாகவே இருந்தது. கூட்டம் வந்தது. சமையல் என் கைக்கு வந்தது.

கடைக்குப் பின்னால், திரை போட்டு, அடுப்படி. அதற்குப் பின்னால் பக்கத்து அரிசி மில்லின் சுவர். வெளியே போக வேண்டுமானால் மேசைகளுக்கு நடுவே நடந்துதான் போக வேண்டும். ஆண்கள் சாப்பிடும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படிக் கடந்துபோவதில்லை. அதனால் கோழியை இறக்கியதிலிருந்து கடைசி ஆள் கைகழுவும்வரை நான் திரைக்குப் பின்னால்தான். வாடிக்கைக்காரர்களைக் குரலால்தான் தெரியும்.

"பாய், சமையல் யாரு? மலாய்க்காரரா?"

"ஆமா, கப்பல்ல கூடவே கொண்டாந்தேன்" என்பார் வாப்பா. எல்லோரும் சிரிப்பார்கள். முதல் தடவை நானும் சிரித்தேன்.

ஆலையில் வேலை கிடைத்ததும், கடையில் பரிமாறிக்கொண்டிருந்த மச்சானுக்கு, என் அக்காவின் கணவருக்கு, எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். வேலையில் சேருவதற்கு முன்னால் ஒருநாள் அவரே சமைக்கட்டும் என்று முடிவானது. நான் எண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருந்தேன். எதையும் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

மச்சான் அசையாத தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொதிக்காத தண்ணியில கோழி எப்புடி வேவும்? நீ படிச்ச படிப்புக்குப் பயந்துகிட்டு வேவுமா?"

"வேவும் மச்சான். வெறகைத் தள்ளாதீங்க."

தள்ளினார். தண்ணீர் பொங்கியது. பதறிப்போய் விறகு முழுவதையும் இழுத்துப் போட்டு, கோழியை அப்போதே வெளியே எடுத்தார். மேலே கயிறு, உள்ளே சிவப்பு. இரண்டும் ஒரே கோழியில். அப்படியே மேசைக்குப் போயிற்று.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பழகிய குரல் கேட்டது: "என்னா பாய், மலாய்க்காரரு ஊருக்குப் போயிட்டாரா?"

அன்று வாப்பா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மச்சானைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நீ போம்மா. கெடைச்ச வேலைய வுடாத. நான் கடைய மூடிக்கிறேன்."

போகாதே என்று சொல்லியிருந்தால் பேசியிருப்பேன். போவதற்கான காரணங்களை வரிசையாக மனதில் வைத்திருந்தேன். அவரோ போ என்றார். எழுந்து தண்ணீரைச் சரியான சூட்டுக்குக் கொண்டுவந்து, அடுத்த கோழியை இறக்கினேன்.

ஆலையில் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மச்சானுக்கு இன்னும் கைவரவில்லை. கடை நன்றாக ஓடுகிறது. பகலெல்லாம் நான் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன்.